பேர் கொடுத்தலும் கைச்சாத்தும்

"சங்கத்திலை பேர் குடுத்திட்டன்" என்கின்றோம். இதில் விருப்பம் மட்டுமே உண்டு. பெயரை நாளை வெட்டுவிக்கலாம். 'பதிதல்' ஆழமானது, ஈரமண்ணில் காலடிபோல் நிற்கும். (யாழ்ப்பாணத்தார் கலியாணப் பதிவை 'எழுத்து' என்பர், எழுத்து முடிந்தபின் பேச்சுக்கு இடமேது?) 'கைச்சாத்து' என்பதோ பொறுப்பேற்றல். கைநாட்டும் அதற்குச் சமமே.

நுண்கடன் குழுக்களிலேதான் இச்சொற்கள் குழம்புகின்றன. குழுவிற்குப் பேர் கொடுப்பதாக எண்ணித் தாய்மார் இடும் ஒப்பம், பல வேளைகளில் அயலவளின் கடனுக்குப் பிணையாகிவிடுகின்றது. அவள் தவணை தவறினால் இவளே கட்டவேண்டும். 2018இல், வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஓர் இலட்சம் ரூபாவிற்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசே முன்வந்தது; சுமை அவ்வளவு.

படிவத்தில் 'பிணை' எங்குள்ளதென வாசித்துக்காட்டக் கேட்போம். வேற்றுமொழிப் படிவமாயின், தமிழ்ப் பிரதி வரும்வரை பேனாவைத் தொடவேண்டியதில்லை.