காவிரி மடுக்களும் கயல்களும்

பெங்களூரில் ஒரு வீட்டின் குழாயைத் திறந்தால் வருவது பெரும்பாலும் காவிரி நீர். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, 1974ஆம் ஆண்டு முதல், பெருங்குழாய்கள் வழியாக அந்நீர் மேட்டுநிலத்திலுள்ள நகரத்திற்கு ஏற்றப்படுகிறது. குடகு மலையில் தோன்றி, கருநாடகத்தைக் கடந்து, தமிழ்நாட்டில் கடலைச் சேரும் அந்த ஆற்றை நாள்தோறும் பருகுவோர் பலர். அதன் மீன்களை அறிந்தோர் சிலரே.

ஆற்றை அறியச் சிறந்த வழி, இயந்திரம் இல்லாத படகில் செல்வதாகும். இயந்திரத்தின் ஓசை மீன்களை விரட்டும். துடுப்பின் ஓசை அவ்வளவாக விரட்டாது. கயாக் என்னும் ஒடுங்கிய படகு, வடதுருவப் பகுதி மக்கள் மரச்சட்டத்தின்மீது கடல்நாய்த் தோலைப் போர்த்திச் செய்தது. இருமுனைத் துடுப்பால் அது செலுத்தப்படும். காவிரியின் பரிசலும் இதே முறையில் பிறந்ததே. மூங்கிலை வட்டமாகப் பின்னி, முற்காலத்தில் மாட்டுத்தோலைப் போர்த்தினர். இக்காலத்தில் நெகிழித் தாளைப் போர்த்துகின்றனர். கயாக் நேராகப் பாயும். பரிசல் சுழன்று செல்லும். பாறைகள் நிறைந்த ஆற்றுக்குப் பரிசலின் தட்டையான அடிப்பகுதி ஏற்றது.

படகில் செல்வோர் முதலில் நீரைப் படிக்கக் கற்க வேண்டும். ஆறு எங்கும் ஒரே தன்மையுடையது அன்று. கரையோரம் புல்லும் செடியும் சூழ்ந்த அமைதியான நீரில் விரால் வாழும். அது அவ்வப்போது மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும். அதன் குஞ்சுகள் கூட்டமாக நீர்மட்டத்தில் திரியும். தாய்தந்தை மீன்கள் கீழே நின்று காவல் காக்கும். மணற்பாங்கான ஆழமற்ற இடத்தில் விரலளவே உள்ள அயிரையும், மணலுக்குள் உடலைப் புதைத்து மூக்கை மட்டும் நீட்டியிருக்கும் ஆரலும் காணப்படும். ஆற்றின் ஆழமான பள்ளத்திற்கு மடு என்று பெயர். அங்கே மீசையுள்ள கெளுத்தியும், பிற மீன்களை இரையாக்கும் வாளையும் தங்கும். பாறைகளிடையே நீர் விரைந்தோடும் இடம் மகசீர் என்னும் பெருங்கெண்டைக்கு உரியது. விரால், அயிரை, ஆரல், வாளை, கெண்டை ஆகிய பெயர்கள் சங்க இலக்கியத்திலேயே இடம்பெற்றவை. ஈராயிரம் ஆண்டு கடந்தும் மீன் சந்தையில் இன்றும் அவை ஒலிக்கின்றன.

காவிரியில் காணத்தக்க இடங்கள் பல. அசன் மாவட்டத்து இராமநாதபுரத்தில், கோயிலருகே ஓடும் ஆற்றில் மீன்களை எவரும் பிடிப்பதில்லை. படித்துறையில் நின்றே அவற்றைக் காணலாம். சீரங்கப்பட்டணத்தை அடுத்த அரங்கனதிட்டு, பறவையியல் அறிஞர் சலீம் அலியின் பரிந்துரையால் 1940இல் சரணாலயமானது. அங்கே வனத்துறையின் படகில் சென்றால், மீனுண்ணும் நாரைகளையும் பாறையில் வெயில் காயும் முதலைகளையும் பார்க்கலாம். பீமேசுவரியில் பரிசலும் கயாக்கும் உண்டு; நீர்நாய்கள் குடும்பமாக மீன் வேட்டையாடும் காட்சி அங்கே கிட்டக்கூடும். அதற்குக் கீழே ஆறு ஒடுங்கிப் பாயும் இடத்தைக் கன்னடத்தில் மேகேதாட்டு என்பர். தமிழில் ஆடுதாண்டு காவிரி என்பர். இரண்டின் பொருளும் ஒன்றே. மேலும் கீழே ஒகேனக்கல். கன்னடத்தில் ஒகே என்றால் புகை, கல் என்றால் கல்லே. அருவியின் நீர்த்துளிகள் புகைபோல் எழுவதால் அப்பெயர் அமைந்தது. அங்கே பாறைச் சுவர்களுக்கிடையே பரிசலில் செல்லலாம்.

இவ்வாற்றின் தனிச்சிறப்பு திமில் மகசீர். முதுகில் சிறு திமிலும், செம்மஞ்சள் துடுப்புகளும் உடைய இம்மீன் 50 கிலோகிராமுக்கு மேலும் வளரும். காவிரியிலும் அதன் துணையாறுகளிலும் அன்றி உலகில் வேறெங்கும் இஃது இயற்கையாக வாழ்வதில்லை. தூண்டிற்காரர்கள் நூறாண்டுக்கும் மேலாக அறிந்திருந்த இம்மீனுக்குரிய அறிவியல் பெயர் 2018இல்தான் உறுதியாயிற்று. மீனியல் அறிஞர் ரெமாதேவியின் பெயரால் அது 'தோர் ரெமாதேவியை' எனப்படுகிறது. அதே ஆண்டில் அழியும் நிலைக்கு மிக அருகிலுள்ள உயிரினமாகவும் அது அறிவிக்கப்பட்டது.

பெயர் பெறும் முன்பே அது குறைந்தது ஏன்? காரணம் ஒன்றன்று. மழைக்காலத்தில் மகசீர் நீரோட்டத்தை எதிர்த்து மேலேறி, கூழாங்கற்கள் நிறைந்த இடத்தில் முட்டையிடும். அணைகள் அவ்வழியை மறித்தன. மணல் அள்ளுதலும், நீருக்குள் வெடிவைத்து மீன் பிடித்தலும் வாழிடத்தைக் கெடுத்தன. மற்றொரு காரணம் வியப்பளிப்பது. ஆற்றில் மீன்வளம் பெருக வேண்டும் என்னும் நல்லெண்ணத்தோடு, பண்ணையில் பொரித்த நீலத்துடுப்பு மகசீர்க் குஞ்சுகள் காவிரியில் விடப்பட்டன. அவை பெருகின, திமில் மகசீரோ அருகியது. ஆற்றில் மீன்கள் நிறைந்திருந்தமையால், உரிய மீன் மறைந்துகொண்டிருந்ததைப் பலர் கவனிக்கவில்லை. இன்று நீலகிரி அடிவாரத்து மோயாறு, அதன் எஞ்சிய புகலிடங்களுள் ஒன்று.

ஆகவே படகில் செல்வோர்க்கும் கடமைகள் உண்டு. உயிர்காப்பு உடையை அணிய வேண்டும். அணையிலிருந்து நீர் திறக்கப்பட்டால் ஆறு திடீரென உயரும்; ஆதலால் உள்ளூர்ப் பரிசலோட்டியின் சொல்லைக் கேட்க வேண்டும். முதலைகள் உள்ள நீரில் கைகால்களை நனைத்தல் கூடாது. நெகிழிப் பையை ஆற்றில் எறிதல் கூடாது. வீட்டுத் தொட்டியில் வளர்த்த மீனை, இரக்கத்தால் என்றாலும், ஆற்றில் விடுதல் கூடாது. எந்த மீன் எங்கே கண்ணில் பட்டது என்று குறிப்பேட்டில் எழுதி வைத்தல் நன்று. ஓர் உயிரின் பெயரையும் இடத்தையும் அறிந்தவர்க்கே, அது காணாமற்போவது கண்ணில் படும்.

சிந்தித்து விடை எழுதுக

1. கயாக்கிற்கும் பரிசலுக்கும் உள்ள ஒற்றுமை, வேற்றுமை யாவை?
2. நல்லெண்ணத்தோடு செய்த செயல் திமில் மகசீருக்கு எவ்வாறு தீங்காயிற்று?
3. உங்கள் ஊர்க் குழாய்நீர் எந்த ஆற்றிலிருந்து அல்லது ஏரியிலிருந்து வருகிறது? அங்கே வாழும் மீன்களின் பெயர்களைப் பெரியோரிடம் கேட்டுத் தமிழிலும் அவ்வூர் மொழியிலும் எழுதுக.