4294967297 என்னும் எண்

முப்பத்திரண்டு இரண்டுகளைத் தம்முள் பெருக்கி, வந்த தொகையுடன் ஒன்றைக் கூட்டினால் கிடைப்பது 4294967297. அதாவது, 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. பார்வைக்கு யாதொரு விசேஷமும் இல்லாத இவ்வெண்ணை, ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத பகா எண் என்று ஒரு மகாமேதை கருதினார்.

அவர் பிரான்ஸ் தேசத்துத் துலூஸ் நகரில் நீதிமன்றப் பதவி வகித்த பியேர் தெ ஃபெர்மா. 1, 2, 4, 8, 16 என இரட்டித்துச் செல்லும் அளவில் இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கூட்டும்போது வரும் 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் பகா எண்களாக இருக்கக் கண்டு, வரிசை முழுவதுமே அத்தகையது என்னும் அபிப்பிராயத்தை 1640இல் கடிதத்தில் தெரிவித்தார். நிரூபணம் தம்மிடம் இல்லை என்பதையும் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். ஆறாவது எண்தான் நாம் கூறும் எண்.

1729இல் கோல்ட்பாக் என்னும் கணித அறிஞர் இதைக் குறித்து மற்றொரு கணித அறிஞரான ஆய்லருக்கு எழுதினார். 1732இல், இருபத்தைந்து வயதே நிரம்பிய ஆய்லர், அவ்வெண் 641ஐ 6700417ஆல் பெருக்கிய தொகையே என்று காட்டிவிட்டார். பகா எண்களின் வரிசையில் 641 என்பது 116ஆவது; ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்திருந்தாலும் அகப்பட்டிருக்கும். ஆனால், இவ்வெண்ணை வகுக்கும் பகா எண் எதுவும் 64ஆல் வகுத்தால் மீதி ஒன்று தருவதாகவே இருக்க வேண்டும் என்பதை ஆய்லர் பின்னாளில் நிரூபித்தார். அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று செல்வதால், ஐந்தாவது முயற்சியிலேயே காரியம் சித்தியாகிவிடுகிறது. இந்த நிரூபணத்துக்கு ஆதாரமாய் நிற்பது ஃபெர்மாவே கண்டறிந்த ஒரு தேற்றம் என்பதை எண்ணும்போது, அவர்மீதுள்ள மதிப்பு எனக்கு மேலும் பெருகுகிறது.

வகுத்துப் பாராமலே இதை உணர மிக அழகிய வழியொன்று உண்டு. 641ஐ 625, 16 எனப் பிரித்து, இரண்டையும் 28 இரண்டுகளின் பெருக்கத்தால் பெருக்குவோம். 625 என்பது 5இன் நான்காம் படி. 28 இரண்டுகளை நான்கு பங்காக்கினால் பங்குக்கு 128 வரும். 5 மடங்கு 128 என்பது 640 ஆதலின், முதற்பகுதி 640இன் நான்காம் படியாகிறது. 16இல் நான்கு இரண்டுகள் அடங்கியிருப்பதால், பிற்பகுதி முப்பத்திரண்டு இரண்டுகளின் பெருக்கமாகிறது. இவ்விரண்டும் சேர்ந்த தொகை 641ஆல் வகுபடும். 640இன் வர்க்கத்தில் ஒன்று குறைந்தால் 639ஐ 641ஆல் பெருக்கிய தொகை. ஆகவே நான்காம் படியில் ஒன்று குறைந்ததும் 641ஆல் வகுபடும். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் எஞ்சுவது நம் எண்ணேயன்றி வேறன்று.

இதனினும் இரண்டு குறைவான 4294967295 என்பது, முற்கூறிய ஐந்து பகா எண்களையும் ஒன்றோடொன்று பெருக்கிய தொகை. கணித மேதை காவுஸ் தமது பதினெட்டாம் வயதில், 1796இல், அளவு குறியாத அடிக்கோலும் கவராயமும் மட்டுமே கொண்டு 17 பக்கமுள்ள, பக்கங்களும் கோணங்களும் சமமான உருவத்தை வரைய முடியும் எனக் கண்டதிலிருந்து அந்த ஐந்து எண்களும் வடிவ கணிதத்திலும் பிரசித்தி பெற்றன. அவ்வாறு வரையத்தக்கதென இன்று நாம் அறிந்த உருவங்களுள், பக்கங்களின் தொகை ஒற்றைப்படையாக உள்ளவற்றில் மிகப் பெரியது 4294967295 பக்கம் கொண்டது. ஆறாவதாக ஒரு பகா எண் இவ்வரிசையில் தோன்றினால் அந்த எல்லை உயர்ந்துவிடும். ஆனால் 4294967297 முதற்கொண்டு அடுத்தடுத்து வரும் 28 எண்களும் பகுபடுவனவே என்று தெளிவாகியிருக்க, அதற்கடுத்ததாகிய, 258 கோடிக்கு மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட எண்ணின் தன்மை இன்னும் நிர்ணயமாகவில்லை.