பருப்பு வேகாத தண்ணீருக்கு ஆர்.ஓ. வேண்டுமா?

விழுப்புரத்தில் தென்பெண்ணை ஆற்றுமணலில் ஊறும் நீரும், திண்டிவனத்தில் பாறை இடுக்கிலிருந்து ஏறும் போர் தண்ணீரும் ஒரே ருசியில் இருக்காது. பாறையோடு நெடுநாள் கிடக்கும் நீரில் கால்சியமும் மக்னீசியமும் கரைந்துவிடும். அது கடினநீர். பருப்பு லேசில் வேகாது, சோப்பு நுரைக்காது, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டும்.

கரைந்த உப்புகளின் மொத்த அளவுதான் டி.டி.எஸ். ஐ.எஸ். 10500 தரவிதிப்படி இது லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம்.

கிருமிதான் கவலை என்றால் கொதிக்கவைத்து ஆற்றிக் குடித்தாலே போதும். குளோரின் வாடையைக் கரி வடிகட்டி போக்கிவிடும். தண்ணீர் உப்புக் கரித்தாலோ, ஃபுளோரைடு, நைட்ரேட் மிகுந்திருந்தாலோதான் ஆர்.ஓ.வுக்கு வேலை. ஆனால் வீட்டு ஆர்.ஓ. ஒரு குடம் நல்ல நீர் தருவதற்குள் பெரும்பாலும் இரண்டு, மூன்று குடம் கழிவாகப் போகும். அதைப் பிடித்து வைத்தால் தரை துடைக்க ஆகும்.

கையடக்க டி.டி.எஸ். மீட்டர் கிருமியைக் காட்டாது, ஃபுளோரைடையும் பிரித்துச் சொல்லாது. அதற்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்கள் உள்ளன. கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்ட பிறகே மாதிரி நீரைப் பிடிக்க வேண்டும்.