வேலையில்லாத் திண்டாட்டமும் கைக்குள் இருக்கும் கருவியும்

மலாக்கா மாநிலத்தின் ஜாசின் மாவட்டத்தில், உம்பாய்க்கும் மெர்லிமாவுக்கும் இடையே அமைந்துள்ள செர்காம் வட்டாரத்தைச் சுட்ட மீனுக்காகத் தேடி வருவோர் பலர். ஆயினும் கடற்கரைச் சாலையை விட்டு உள்ளே திரும்பினால் பால்மரமும் செம்பனையும் சூழ்ந்த குடியிருப்புகளையே நாம் காண்கிறோம். அங்கு வாழும் பாட்டாளிப் பெற்றோர் பலரின் கவலை ஒன்றே: ஐந்தாம் படிவம் முடித்த மகன் வீட்டில் இருக்கிறான், பால்வெட்டுக்குப் போக அவனுக்கு மனமில்லை, வேறு வேலைக்கு வழியும் தெரியவில்லை.

அவனைச் சோம்பேறி என்று ஏசுவதால் பயனில்லை. முன்பு நிலைமை வேறாக இருந்தது. 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ச் சுதந்திர வாணிப வலயங்கள் அமைந்தபோது, மலாக்காவில் பத்து பெரெண்டாம் வட்டாரத்தில் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. 1973-இல் சீமென்ஸ் நிறுவனம் அங்குத் தொடங்கிய தொழிற்சாலை, இன்று இன்ஃபினியோன் என்ற பெயரில் இயங்குகிறது. அக்காலத்தில் கண்பார்வையும் கைச்சுறுசுறுப்பும் இருந்தால் வேலை கிடைத்தது. இன்றோ நுண்ணிய பாகங்களை இயந்திரமே பொருத்துகிறது. அந்த இயந்திரம் பழுதுபட்டால், கணினித் திரையைப் பார்த்துக் காரணத்தைக் கண்டறியக்கூடியவரையே தொழிற்சாலை தேடுகிறது. தோட்டத்திற்கும் தொழிற்சாலைக்கும் இடையிலுள்ள தூரத்தை மோட்டார் சைக்கிளில் கடந்துவிடலாம். சான்றிதழ் இல்லாத குறையை அவ்வாறு கடக்க இயலாது.

அச்சான்றிதழைத் தேடித் தலைநகருக்குச் செல்ல வேண்டியதில்லை. 2002-ஆம் ஆண்டு முதல் மெர்லிமாவ் பொலிதெக்னிக் அருகிலேயே இயங்குகிறது; மின்னியல், இயந்திரவியல், வணிகம் முதலிய துறைகள் அங்கு உள்ளன. எஸ்.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி பெறாதவருக்கு மலேசியத் திறன் சான்றிதழ் என்னும் மற்றொரு வழியுண்டு. 2006-ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் அதற்கு அடிப்படை. பயிற்சிக்குப் பணமில்லையெனில் திறன் மேம்பாட்டு நிதிக் கழகத்திடம் கடனுக்கு விண்ணப்பிக்கலாம். பட்டறையில் பல்லாண்டு உழைத்துத் தொழில் கற்றவர், புதிதாக வகுப்பில் அமராமலே தம் அனுபவத்தைச் சான்றுகளுடன் மெய்ப்பித்து அதே சான்றிதழைப் பெறவும் ஏற்பாடு உள்ளது. இதனைப் பெற்றோரும் கருத்திற் கொள்ளலாம். வயது ஒரு தடையன்று.

‘எங்கள் பிள்ளை நாள் முழுதும் கைப்பேசியோடுதான் இருக்கிறான், அவனுக்கா கணினி தெரியாது?’ என்று சிலர் கேட்பர். படம் பார்ப்பது வேறு. வரவு செலவைக் கணினி அட்டவணையில் பதிவதும், பிழையற்ற மலாய் மொழியில் வேலை விண்ணப்பம் எழுதுவதும், பொருளை ஒளிப்படமாக்கி விலை கூறுவதும் வேறு. இவற்றைக் கற்பிக்கவே அரசாங்கத்தின் ‘நாடி’ மையங்கள் நாடெங்கும் உள்ளன. முன்னர் இணைய மையம் என்றும் பின்னர் ‘பெடி’ என்றும் அழைக்கப்பட்டவை இவையே. பெயர் இவ்வாறு மாறியதில் மக்கள் சற்றுக் குழம்பியதில் வியப்பில்லை.

இனிச் சொந்தத் தொழிலைப் பற்றிக் காண்போம். வீட்டில் முறுக்குச் சுட்டு இணையத்தில் விற்க முனையும் ஓர் இளம்பெண்ணை எடுத்துக்கொள்வோம். ஒரு பொட்டலம் 10 வெள்ளி. மாவு, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றுக்கு 4 வெள்ளி 50 காசும், பைக்கும் பெட்டிக்கும் 1 வெள்ளியும், விற்பனைத் தளத்தின் கழிவுக்கு 1 வெள்ளி 50 காசும் ஆகின்றன என்று வைத்துக்கொண்டால், கையில் நிற்பது 3 வெள்ளி. ‘அஞ்சற்கட்டணம் இலவசம்’ என்று அறிவித்து அதனையும் அவரே ஏற்றால், அந்த 3 வெள்ளியும் போய், முதலும் கரையத் தொடங்கும். ஒரே வாடிக்கையாளருக்கு ஐந்து பொட்டலங்களைச் சேர்த்து அனுப்பினாலோ, அருகிலுள்ள கடைகளுக்குக் கொடுத்தாலோ கணக்கு மாறும். விற்பனை பெருகப் பெருக நட்டமும் பெருகிய கதைகள் உண்டு. ஆகவே முதலில் வேண்டுவது விளம்பரமன்று, ஒரு கணக்குப் புத்தகம். தம் உழைப்புக்கும் அதில் ஒரு கூலியை எழுத வேண்டும்.

தொழில் தொடங்கிய 30 நாள்களுக்குள் 1956-ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்தல் கடமை. சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் என்றால் 60 வெள்ளி. உணவு தயாரிப்போர் டைபாய்டு தடுப்பூசியும் உணவு கையாளும் பயிற்சியும் பெற வேண்டும். பதிவுச் சான்றிதழும் ஒழுங்கான கணக்கும் உள்ளவரே தெக்குன் நிறுவனத்தின் இந்தியர்களுக்கான ‘ஸ்புமி’ கடனுக்குத் தகுதியுடன் விண்ணப்பிக்க முடியும். வட்டிக்காரரிடம் சிக்கியபின் இதனை அறிவதைவிட முன்பே அறிவது நலம்.

வேலை தேடும் இளைஞரைக் குறிவைக்கும் மோசடிக் கும்பல்களைப் பற்றியும் கூறியாக வேண்டும். ‘உன் வங்கிக் கணக்கையும் அட்டையையும் கொடு, மாதம் சில நூறு வெள்ளி தருகிறோம்’ என்பது அவர்களின் வழக்கமான பேச்சு. கணக்கை இரவல் கொடுத்தவர் பணத்தைத் தொடாவிடினும் குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரிடும். வெளிநாட்டில் கொழுத்த சம்பளம் என்று அழைக்கப்பட்டு, கம்போடியாவிலும் மியன்மாரிலும் அடைபட்ட மலேசிய இளைஞர் பலர். பணத்தை இழந்துவிட்டால் நாணத்தால் மறைத்து வைக்காமல், 2022-இல் அமைக்கப்பட்ட தேசிய மோசடி நடவடிக்கை மையத்தை 997 என்ற எண்ணில் உடனே அழைக்க வேண்டும். பணம் கைமாறிக் கைமாறிச் செல்வதால், தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அதனை மீட்கும் வாய்ப்பைக் குறைக்கும்.

சொந்தத் தொழில் செய்வோர்க்கு முதலாளி இல்லை; ஆதலால் விபத்து நேர்ந்தால் கேட்பாரும் இல்லை என்ற எண்ணம் இன்னும் உள்ளது. 2017-ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ், சுயதொழில் புரிவோரும் பெர்க்கெசோவில் சந்தா செலுத்திப் பாதுகாப்புப் பெறலாம். உணவு கொண்டு சேர்க்கும் பணியில் மோட்டார் சைக்கிளில் நாள் முழுதும் சாலையில் இருக்கும் பிள்ளைகளின் பெயர் அதில் உள்ளதா என்பதைப் பெற்றோர் இன்றே கேட்டறிதல் வேண்டும்.