உஷார்! ஐ.சி.யூ.வில் அசையாமல் கிடப்பது தூக்கமல்ல

ஆத்தூர், செம்பட்டிப் பக்கம் யாருக்காவது மூச்சு முட்டினால் 108-க்குப் போன் போடுகிறோம். திண்டுக்கல் பெரியாஸ்பத்திரி, அங்கும் முடியாவிட்டால் மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரி. ஐ.சி.யூ. கதவுக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்கும்போது, வாயில் குழாயோடு மனுஷன் அசையாமல் கிடந்தால் ‘நல்லாத் தூங்குறாரு’ என்று நிம்மதி அடைகிறோம். கையை உதறிக் குழாயைப் பிடுங்கப் போனால், ‘டாக்டரய்யா, ஒரு தூக்க ஊசி போட்டுடுங்க’ என்று நாமே கெஞ்சுகிறோம்.

அந்த நிம்மதியும் தப்பு, அந்தக் கெஞ்சலும் தப்பு!

மிடசோலம், ஃபென்டனில், புரோபோஃபால் போன்றவை வென்டிலேட்டரின் வேதனையைத் தாங்க உதவும் மருந்துகள். அளவு மீறினால் இரத்த அழுத்தத்தைச் சாய்க்கும், மூச்சை அடக்கும். பாடகர் மைக்கேல் ஜாக்சன் 2009 ஜூனில் இறந்தது, வீட்டில் தூக்கத்துக்காக ஏற்றப்பட்ட புரோபோஃபாலால்தான். வயதானவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் மிடசோலம் உடம்பில் தேங்கும். ஊசியை நிறுத்திய பிறகும் கண் திறக்க நாளாகும். ஆழ்ந்த மயக்கம் நீள நீள வென்டிலேட்டர் நாட்கள் கூடும், தசை கரையும், புத்தி தடுமாறும்.

சிகாகோ மருத்துவர்கள் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், தினமும் ஒருமுறை மயக்க மருந்தை நிறுத்தி நோயாளியை விழிக்கவைத்தார்கள். அப்படி விழிக்கவைக்கப்பட்டவர்கள் வென்டிலேட்டரில் இருந்தது சுமார் 5 நாள். மற்றவர்கள் 7 நாளுக்கும் மேல். கூப்பிட்டால் கண் திறக்கும் அளவுக்கு லேசான மயக்கமே பெரும்பாலோருக்குப் போதும் என்பதுதான் இன்றைய மருத்துவ வழிகாட்டுதல். மூளை வீக்கம், நிற்காத வலிப்பு, மிக மோசமான நுரையீரல் பாதிப்பு போன்றவற்றுக்கு ஆழ்ந்த மயக்கம் தேவைப்படும். அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். நம் பதற்றம் அல்ல.

நம் ஊர்க்காரர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, குடி. தினமும் குடித்தவர் படுக்கையில் விழுந்து இரண்டு, மூன்று நாளில் கை நடுங்கி, இல்லாததைக் கண்டு அலறுவார். குடி ஒரேயடியாக நின்றதால் வரும் ஆபத்து இது. இதற்கு வைத்தியமே வேறு. ‘அவர் குடிக்கவே மாட்டாரு’ என்று மானத்துக்காக மறைத்தால் உயிரோடு விளையாடுகிறீர்கள். தூக்க மாத்திரைப் பழக்கத்தையும் மறைக்காதீர்கள்.

இரண்டாவது, பூச்சிமருந்து. அதைக் குடித்தவருக்கு முறிவாகக் கொடுக்கும் அட்ரோபின் அளவு கூடினாலே ஆள் பிதற்றுவார், துணியை இழுப்பார். அதைப் பார்த்துவிட்டுப் பேய் பிடித்தது என்று மந்திரிக்க ஆள் தேடாதீர்கள். உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

மூன்றாவது, கட்டுவிரியன் கடி. தரையில் படுத்திருப்பவரை ராத்திரியில் வலி தெரியாமல் கடிக்கும். விஷம் ஏறினால் இமைகூடத் தூக்க முடியாது. பார்க்கப் பிணம்போல இருப்பார். ஆனால் நினைவு தெளிவாக இருக்கலாம், நாம் பேசுவதெல்லாம் காதில் விழலாம்! விஷமுறிவு மருந்தும் வென்டிலேட்டரும் கிடைத்தால் மீண்டு வருவார். அவர் தலைமாட்டில் நின்று ‘போயிட்டாரே’ என்று ஒப்பாரி வைக்காதீர்கள்.

உள்ளே விடும் நேரத்தில் டாக்டரிடம் நான்கு கேள்வி கேளுங்கள்: மயக்க மருந்து எதற்காக? எவ்வளவு ஆழம்? இன்று விழிக்கவைத்துப் பார்த்தீர்களா? வலிக்குத் தனியாக மருந்து போகிறதா? மரியாதையாகக் கேட்டால் நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். நீங்களாக எதையும் நிறுத்தச் சொல்லி அடம்பிடிக்காதீர்கள். திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

மூக்குக்கண்ணாடியும் காதுக் கருவியும் கொண்டுபோய்க் கொடுங்கள். கையைப் பிடித்து, ‘அப்பா, இன்னைக்கு வெள்ளிக்கிழமை. திண்டுக்கல் ஆஸ்பத்திரில இருக்கீங்க. நான் மூத்தவன் வந்திருக்கேன்’ என்று சொல்லுங்கள். புத்தி தடுமாறாமல் காக்க இதுவும் உதவும்.

ஊசி கேட்டு ஓடுவதற்கு முன், அவர் காதோரம் குனிந்து அவர் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.