முன்னாள் படைவீரரும் இந்நாள் மாணவரும்



திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் பெருவழியில், பாறைகளை யாரோ அள்ளிக் குவித்தாற்போன்று எழுந்து நிற்கும் மூன்று குன்றுகளையும், அவற்றை இணைத்து வளைந்தோடும் மதிலையும் உங்களுள் பலர் கண்டிருப்பீர்கள். அதுவே செஞ்சிக்கோட்டை. இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்பன அக்குன்றுகளின் பெயர்கள். 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் யுனெஸ்கோ நிறுவனம் மராத்தியரின் கோட்டைகள் பன்னிரண்டை உலக மரபுச் சின்னங்களாக ஏற்றுக்கொண்டபோது, அவற்றுள் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது செஞ்சி ஒன்றே. இக்கோட்டையின் நிழலில் வாழ்ந்து, இவ்வட்டாரத்துப் பள்ளிகளில் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான்.

வெளியூர் அன்பர்கள் வரும்போதெல்லாம் அவர்களுடன் மலையேறுவது என் வழக்கம். நெற்களஞ்சியத்தையும் கல்யாண மகாலையும் காட்டுவேன். 1677இல் சிவாஜி இக்கோட்டையைக் கைப்பற்றியதையும், அவர் மைந்தர் இராசாராம் இதனுள் இருக்க, மொகலாயப் படை ஏறத்தாழ எட்டாண்டுகள் முற்றுகையிட்டு 1698இல் இதனைக் கொண்டதையும் சொல்வேன். ஆர்க்காட்டு நவாபுக்குப் பணிய மறுத்த இளைஞன் தேசிங்கு, சிறு படையுடன் பொருது 1714ஆம் ஆண்டு அக்டோபரில் உயிர்நீத்ததையும், அவனுக்காகத் தன்னுயிரையும் கொடுத்த நண்பன் மகபத்கானையும் சொல்லும்பொழுது கேட்போர் கண்கள் கலங்குவதைப் பன்முறை கண்டிருக்கிறேன்.

ஒருநாள் ஒரு சிறுவன் என்னை ஒரு கேள்வி கேட்டான். "ஐயா, எட்டாண்டுகள் முற்றுகை என்கிறீர்களே, உள்ளே இருந்த சிப்பாய்கள் என்ன நினைத்துக்கொண்டிருந்தார்கள்?" எனக்கு விடை தெரியவில்லை. எனக்கு மட்டுமன்று, எவருக்கும் தெரியாது. அரசர் பெயரும் தளபதியர் பெயரும் ஏடுகளில் உள்ளன. ஆயின் மதிலின்மேல் இரவெல்லாம் கண்விழித்துக் காவல் காத்த எளிய வீரன் என்ன உண்டான், எதற்கு அஞ்சினான், எவரை நினைத்து ஏங்கினான் என்பதை அவனிடம் எவரும் கேட்டு எழுதி வைக்கவில்லை. ஆதலின் அது அவனோடே மறைந்தது.

தமிழர்கள் வீரரை மறக்கும் இயல்பினர் அல்லர். போரில் வீழ்ந்தவனுக்குக் கல்நட்டு வழிபட்டவர்கள் நம் முன்னோர். கல்லைத் தேர்ந்து காண்பது முதல், அதனைக் கொணர்ந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துக் கூறுகின்றது. செஞ்சிக்கு மேற்கே, திருவண்ணாமலைக்கு அப்பால் உள்ள செங்கம் வட்டாரத்தில் இத்தகைய நடுகற்கள் மிகுதி. அவற்றின் எழுத்துகளைப் படித்துத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் தனி நூலாகவே வெளியிட்டது. எடுத்தனூர் என்னும் ஊரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. அதில் கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கின்றது. அந்நாயின் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்துத் தன் தலைவனின் அருகே அது நின்றதாம். ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகட்குப் பின்னும் ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகின்றது. ஏன்? கண்டவர் சொன்னார்கள், கேட்டவர்கள் அதனைக் கல்லில் வெட்டினார்கள். நினைவைக் காக்க இவ்விருவரும் வேண்டும். கண்டவர் மட்டும் இருந்தால் போதாது.

கேட்டு எழுதுவார் இல்லையெனில் என்ன நிகழும் என்பதற்கும் ஒரு சான்று சொல்கிறேன். 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு எம்டன் என்னும் செருமானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசிற்று. மக்கள் அஞ்சி ஊரைவிட்டு ஓடினார்கள். இன்று துணிவும் சூழ்ச்சியும் மிக்க ஒருவனை "அவன் சரியான எம்டன்" என்று நாம் சொல்கிறோம். சொல் தங்கிவிட்டது. அவ்விரவைக் கண்ட கண்களோ ஒன்றுகூட இன்று இல்லை.

இனி, நம் காலத்து வீரர்களைப் பற்றி எண்ணிப் பாருங்கள். 1945இல் பதினெட்டு வயதில் இரண்டாம் உலகப் போரிலோ இந்திய தேசிய இராணுவத்திலோ இருந்தவர், இன்று உயிருடன் இருப்பின் நூறு வயதை நெருங்குபவர். நேதாஜி 1943இல் சிங்கப்பூரில் அமைத்த ஜான்சி ராணிப் படையில் மலாய்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் பலர் சேர்ந்தார்கள். அதன் தலைவி கேப்டன் லட்சுமி 2012இல் மறைந்தார். 1962, 1965ஆம் ஆண்டுப் போர்களில் நின்றவர்கள் எண்பதை ஒட்டியவர்கள் அல்லது தாண்டியவர்கள். 1971 டிசம்பர் 3 முதல் 16 வரை நடந்து, டாக்காவில் ஏறத்தாழ 93,000 பேர் சரணடைய முடிந்த போரில் இருபது வயது இளைஞராக இருந்தவர், இன்று எழுபத்தைந்தை ஒட்டியவர். அவர் உங்கள் தெருவில் வேர்க்கடலை பயிரிடுபவராக இருக்கலாம். வங்கி வாயிலில் காவலராக இருந்து ஓய்ந்தவராகவும் இருக்கலாம். வடஆர்க்காடு, தென்னார்க்காட்டுச் சிற்றூர்களில் படைக்கு ஆள் அனுப்பாத ஊரைத் தேடுவது கடினம்.

இங்கே என் குறையொன்றை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியின் அருகே அத்தகைய பெரியவர் ஒருவர் இருந்தார். 1780இல் தோன்றிய பழம்பெரும் படைப்பிரிவாகிய மதராஸ் சாப்பர்ஸ் பிரிவில், படையினர் "தம்பி" என்று அன்போடு அழைக்கும் அப்பிரிவில், பணிபுரிந்தவர். ஆண்டுதோறும் சுதந்திர நாள் விழாவுக்கு அவரை அழைப்போம். பொன்னாடை போர்த்துவோம். அவரும் "எல்லாரும் நன்றாகப் படியுங்கள்" என்று இரண்டே சொற்றொடர் பேசி அமர்வார். பல ஆண்டுகள் இவ்வாறே சென்றன. நாங்கள் போற்றினோம், கேட்கவில்லை. போற்றுதல் வேறு, கேட்டல் வேறு என்பதை நான் அப்பொழுது உணரவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு மூன்றாண்டுகட்கு முன் ஒரு விழாவில், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, இனிப்பு வழங்கும் வேளையில் அவர் அருகே சென்று, "தாத்தா, சண்டை நடக்கும்போது உங்களுக்குச் சாப்பாடு எப்படி வரும்?" என்று கேட்டாள். அவர் சிரித்தார். பிறகு பேசத் தொடங்கினார். மேற்கெல்லையில் டிசம்பர்க் குளிரில் பூரியும் வெல்லமும் தின்று கண்ணிவெடி அகற்றியது. எழுதப்படிக்கத் தெரியாத தாய்க்குத் தபால்காரரே கடிதம் படித்துக் காட்டியது. பக்கத்தில் தவழ்ந்து வந்த நண்பன் வெடியில் சிக்கியது. போர் முடிந்து விடுப்பில் வந்தவுடன் தம் வீட்டிற்குச் செல்லுமுன் அந்நண்பனின் தாயைக் காணச் சென்றது. ஒரு மணி நேரம் கடந்ததும் தெரியவில்லை. "இதையெல்லாம் என் வீட்டில்கூடச் சொன்னதில்லை, பாப்பா" என்றார்.

அம்மாணவி அன்று மாலையே நினைவிலிருந்ததைக் குறிப்பேட்டில் எழுதினாள். ஒன்பது பக்கங்கள் வந்தன. "அவர் பேசுவதை முறையாகப் பதிவு செய்யலாமா ஐயா?" என்று என்னிடம் கேட்டாள். "ஆண்டுத் தேர்வு முடியட்டும் அம்மா" என்றேன். தேர்வு முடியுமுன், பங்குனியில் அவர் காலமானார்.

அவர் மகன் அக்குறிப்பேட்டின் படி ஒன்றைக் கேட்டு வாங்கிச் சென்றார். அந்த நண்பனின் குடும்பத்தை நாங்கள் தேட முயன்றோம். குறிப்பேட்டில் இருந்ததோ, படைக்குள் அவனை விளையாட்டாக அழைத்த பெயர் ஒன்றே. இயற்பெயர் இல்லை, ஊர் இல்லை. புதுதில்லியில் 2019இல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவுச் சின்னத்தில் இருபத்தையாயிரத்திற்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவன் பெயரும் அங்கே இருக்கும். ஆனால் அவற்றுள் எது அவன் பெயர் என்று சொல்ல இன்று எங்களால் இயலவில்லை. இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

ஆதலின், இப்பணியைச் செய்யும் முறையை இனி விளக்குகிறேன். இது கடினமான கலையன்று. பொறுமை வேண்டும், அவ்வளவே.

முதலாவது, செல்லுமுன் படித்துச் செல்லுங்கள். அவர் கலந்துகொண்ட போர் எப்பொழுது, எங்கே நடந்தது என்பதை நாட்டுப்படத்தில் கண்டு தெளியுங்கள். ஒன்றுமறியாதவனிடம் பெரியவர்கள் இரண்டு சொல் பேசி நிறுத்திக்கொள்வார்கள்.

இரண்டாவது, பெயர், பிறந்த ஊர், படையெண், படைப்பிரிவு, பணியாற்றிய ஆண்டுகள் ஆகியவற்றை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அவர் குறிப்பிடும் தோழர்களின் முழுப்பெயரையும் ஊரையும் அவ்வப்போது கேளுங்கள். இதனை ஏன் வற்புறுத்துகிறேன் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

மூன்றாவது, சிறிய கேள்விகளைக் கேளுங்கள். "போர் எப்படி இருந்தது?" என்றால் "கடுமையாக இருந்தது" என்பதே விடையாகும். முதன்முதல் ஊரைவிட்டுப் புறப்பட்ட நாள், பெட்டியில் எடுத்துச் சென்ற பொருள், உணவு, கடிதம், நண்பர், திரும்பி வந்த நாள் ஆகியவற்றைக் கேளுங்கள். "எத்தனை பேரைக் கொன்றீர்கள்?" என்று மட்டும் எக்காரணத்தாலும் கேளாதீர்கள். அது வீரத்தை அறியும் கேள்வியன்று, புண்ணைக் கிளறும் கேள்வி. அவர் பேச்சை நிறுத்தினால் நீங்களும் அமைதியாக இருங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். நாட்டின் காவல் கருதிச் சொல்லக்கூடாதவை என்று அவர் ஒதுக்குவனவற்றைத் துருவாதீர்கள்.

நான்காவது, அவர் இசைவு பெற்றுக் குரலைப் பதிவு செய்யுங்கள். இன்று கைப்பேசியே அதற்குப் போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டுச் சாலை ஓசை எட்டாத அறையில் அமருங்கள். தொடக்கத்தில் நாள், இடம், பெயர் ஆகியவற்றை உங்கள் வாயாலேயே சொல்லிப் பதியுங்கள். வானொலியை நாடும் உங்களுக்குக் குரலின் அருமையை நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. எழுத்தில் வாராத தயக்கமும் சிரிப்பும் குரலில் வரும். பின்னர் அவர் பேசிய செஞ்சி வட்டாரப் பேச்சை இலக்கணத் தமிழாகத் திருத்தாமல் அப்படியே எழுதுங்கள். பதிவின் படிகளை இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். ஒன்று அவர் வீட்டில் இருக்கட்டும்.

ஐந்தாவது, சரிபாருங்கள். நினைவு என்பது பேழையில் வைத்த பொருள் போன்றதன்று. ஒவ்வொரு முறையும் மனம் அதனைப் புதிதாகக் கட்டியெழுப்புகிறது என்பதைக் கேம்பிரிட்ஜ் உளவியலறிஞர் பார்ட்லெட் 1932இலேயே ஆய்ந்து காட்டினார். 1965இல் நடந்ததை 1971இல் நடந்ததாகப் பெரியவர் சொல்லக்கூடும். அவரை மறுத்து வாதிடாதீர்கள். அவர் சொன்னதை அப்படியே வைத்து, அடியில் உங்கள் குறிப்பைத் தனியே எழுதுங்கள். தேசிங்கின் கதைப்பாடலையும் ஏட்டு வரலாற்றையும் நாம் அருகருகே வைத்துப் படிக்கவில்லையா? அதுபோலவே இதுவும்.

ஆறாவது, வீரரின் மனைவியையும் கேளுங்கள். பணவிடையை எதிர்நோக்கியும், வானொலிச் செய்திக்கு நெஞ்சம் துடித்தும், குழந்தைகளைத் தனியே வளர்த்த அம்மையார் அறிந்த போர் வேறு. அதனைக் கேட்பார் மிகக் குறைவு.

இம்முயற்சி உலகெங்கும் நடைபெறுகின்றது. சிங்கப்பூர் 1979இல் வாய்மொழி வரலாற்றுக்கென ஓர் அமைப்பை நிறுவி, சப்பானியர் ஆட்சிக்காலத்தைக் கண்டவர்களின் குரல்களைத் தொகுத்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2000ஆம் ஆண்டு முதல் படைவீரர் நினைவுகளைச் சேர்த்து வருகிறது. உயர்நிலைப் பள்ளி மாணவரும் அதற்காகப் பேட்டி காணலாம். நம் நாட்டிலும் 2021 முதல் "வீர் காதா" என்னும் திட்டத்தின் வழியே வீரவிருது பெற்றவர்களைப் பற்றிப் பள்ளி மாணவர்கள் எழுதியும் வரைந்தும் வருகிறார்கள். அது நன்று. ஆயின் விருது பெறாத வீரர் எத்தனையோ பேர். அவர்களை உங்களைத் தவிர யார் கேட்பார்? மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை உங்கள் ஆசிரியர் வாயிலாக அணுகினால் வழி பிறக்கும்.

இதனால் போர் சிறப்புடையது என்று நான் சொல்வதாகக் கொள்ளவேண்டா. போரை நேரில் கண்டவர் அதனைப் பெருமையாகப் பேசக் கேட்பது அரிது. அதன் விலையை அறிந்தவர்கள் அவர்களே. அவ்விலையை நீங்களும் அறிய வேண்டும் என்பதற்காகவே கேட்கச் சொல்கிறேன்.

தேர்வுகள் ஆண்டுதோறும் வரும். அப்பெரியவர்கள் ஆண்டுதோறும் இருக்கமாட்டார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு குறிப்பேட்டுடன் உங்கள் தெருவில் உள்ள பெரியவர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் சென்று அமருங்கள். என் மாணவியிடம் நான் சொன்னதை உங்களிடம் சொல்லமாட்டேன்.