விக்டோரியா கால இலக்கியப் பண்பாட்டாய்வும் சேலம் மாவட்டத்துத் தாது வருடப் பஞ்சமும்: ஆய்வு நிலையும் வாய்ப்புகளும்

ஆய்வுச் சுருக்கம்

விக்டோரியா கால ஆய்வு என்பது இலண்டன் நாவல்களைப் பற்றியது மட்டுமன்று. அக்காலத்தில் சேலம் மாவட்டத்தைக் குறித்து எழுந்த ஆங்கில ஆவணங்களும் கொங்குப் பகுதியின் தமிழ்ப் பாடல்களும் அவ்வாய்வின் மூலங்களே. 1876–78ஆம் ஆண்டுப் பஞ்சத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இவ்விரு வகை மூலங்களையும் இணைத்துப் படிப்பதன் தேவையையும் அதில் இருமொழி அறிந்த ஆய்வாளருக்குள்ள வாய்ப்பையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: விக்டோரியா காலம், தாது வருடப் பஞ்சம், சேலம் மாவட்டம், பஞ்சக்கும்மி, காலனிய உரைநடை

முன்னுரை

விக்டோரியா அரசியின் ஆட்சிக்காலம் (1837–1901) தமிழகக் கல்லூரிகளின் ஆங்கிலத் துறைகளில் டிக்கன்ஸ், டென்னிசன், ஹார்டி ஆகியோரின் காலமாகவே பெரும்பாலும் பயிற்றுவிக்கப்படுகிறது. அதே காலத்துத் தமிழ் நூல்களைத் தமிழ்த்துறை தனியே ஆராய்கிறது. ஒரே ஆட்சியின்கீழ் எழுந்த இரு எழுத்து மரபுகளும் இவ்வாறு துறை எல்லையால் பிரிந்து நிற்கின்றன. இப்பிரிவினால் மறைவனவற்றைக் காட்டுவதற்குச் சேலம், நாமக்கல் சமவெளி தக்க களமாகும்.

ஆய்வின் இன்றைய நிலை

கௌரி விசுவநாதனின் 'மாஸ்க்ஸ் ஆஃப் காங்க்வெஸ்ட்' (1989), ஆங்கில இலக்கியக் கல்வி இந்தியாவில் ஆட்சிக் கருவியாக வளர்ந்ததை நிறுவியது. இந்திய வாசகர் ஆங்கில நாவலை எவ்வாறு ஏற்றனர், மாற்றினர் என்பதைப் பிரியா ஜோஷியின் 'இன் அனதர் கன்ட்ரி' (2002) ஆராய்ந்தது. மைக் டேவிஸ் 'லேட் விக்டோரியன் ஹோலோகாஸ்ட்ஸ்' (2001) என்னும் நூலில் சென்னை மாகாணப் பஞ்சத்தை உலகச் சந்தை, பேரரசுக் கொள்கை ஆகியவற்றோடு பொருத்திக் காட்டினார். 2020இல் 'விக்டோரியன் ஸ்டடீஸ்' இதழ் வெளியிட்ட சிறப்பிதழ், இத்துறையின் இன, நில எல்லைகளையே கேள்விக்கு உட்படுத்தியது. தமிழ்ப்பக்கம் நோக்கின், சாஷா எபெலிங்கின் 'காலனைசிங் தி ரெல்ம் ஆஃப் வேர்ட்ஸ்' (2010), 19ஆம் நூற்றாண்டுத் தமிழ்ப் புலமையின் மாற்றத்தை விளக்கியது. எனினும் மாவட்ட அளவிலான இருமொழி வாசிப்பிற்கு இன்னும் பேரளவு இடம் உள்ளது.

பஞ்சமும் எண்களும்

1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 19,66,995ஆக இருந்த சேலம் மாவட்ட மக்கள்தொகை, 1881இல் 15,99,595ஆகக் குறைந்தது. குறைவு 3,67,400, அதாவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. இவ்வெண்ணிக்கை முழுவதையும் இறப்பாகக் கொள்ள இயலாது. இடம்பெயர்வும் பிறப்புக் குறைவும் இதில் அடங்கும். அன்றைய மாவட்டம் நாமக்கல், திருச்செங்கோடு, ஆத்தூர் ஆகியவற்றோடு தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், திருப்பத்தூர் பகுதிகளையும் உள்ளடக்கியது என்பதும் கருதத்தக்கது.

மேட்டூர் அணை 1934இல்தான் கட்டி முடிக்கப்பட்டது. காவிரிக்கரை வாய்க்கால் நிலங்கள் நீங்கலாக, இச்சமவெளி பெரிதும் மானாவாரிப் பயிரையும் ஏரி, கிணற்றுப் பாசனத்தையுமே நம்பியிருந்தது. ஆகவே மழை பொய்த்தபோது கூலியும் தானியமும் ஒருசேர மறைந்தன.

ஆட்சியின் மொழி

அன்றைய அரசப் பிரதிநிதி லிட்டன் பிரபு, 'ஓவன் மெரிடித்' என்னும் புனைபெயரில் எழுதிய விக்டோரியா காலக் கவிஞர். நாவலாசிரியர் எட்வர்டு புல்வர் லிட்டனின் மகன். மாகாணம் பஞ்சத்தில் வாடிய 1877 சனவரி முதல் நாளன்று, விக்டோரியாவைப் பேரரசியாக அறிவிக்கும் தில்லி தர்பாரை நடத்தியவர் அவரே. அவர் அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரணப் பணியாளரின் நாள்கூலியை ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் என்னும் அளவிற்குக் குறைத்தார். இவ்வளவு உயிரைத் தாங்காது எனச் சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்தார். இவ்விவாதத்தில் மனித உடல், சிக்கனக் கணக்கின் ஓர் உறுப்பாகிவிடுகிறது.

வில்லியம் டிக்பி 1878இல் வெளியிட்ட 'தி ஃபேமின் கேம்பெய்ன் இன் சதர்ன் இந்தியா' என்னும் நூலின் தலைப்பே பஞ்ச நிவாரணத்தைப் படையெடுப்பாக உருவகிக்கிறது. லெ ஃபானு தொகுத்த சேலம் மாவட்டக் கையேடு 1883இல் வெளிவந்தது. இத்தகைய நூல்களைத் தகவல் களஞ்சியங்களாகப் பயன்படுத்துவது வழக்கம். அவற்றின் உருவகம், தொனி, மௌனம் ஆகியவற்றை விக்டோரியா கால உரைநடையாகக் கொண்டு ஆராய்வது அடுத்த படியாகும்.

பாடலின் மொழி

தாது ஆண்டில் (1876–77) தொடங்கியதால் இப்பஞ்சம் மக்கள் வழக்கில் 'தாது வருடப் பஞ்சம்' எனப்பட்டது. சிவகங்கைச் சீமையின் வில்லியப்ப பிள்ளை 'பஞ்சலட்சணத் திருமுக விலாசம்' இயற்றினார். கொங்குப் பகுதிப் பஞ்சக்கும்மிகளைப் புலவர் செ. இராசு பதிப்பித்துள்ளார். ஆவணம் மேலிருந்து எண்ணிப் பார்க்கிறது. கும்மியோ பலர் கூடிப் பாடும் வடிவம். எனவே ஆவணத்தில் 'நிவாரணம் பெறுவோர்' என்னும் தொகுப்புப் பெயராக நின்றவர், பாடலில் பேசும் குரலாக மாற இடமுண்டு. ஆயினும் பாடலை நேரடிச் சாட்சியமாகக் கொள்வதும் பிழையாகும்; அதற்கும் யாப்பும் மரபும் உண்டு. இரண்டையும் ஒன்றை ஒன்று கொண்டு சோதிப்பதே தக்க முறை.

ஆய்வு வாய்ப்புகள்

முதலாவதாக, தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலுள்ள வருவாய் வாரிய நடவடிக்கைகளைக் கும்மிகளோடு ஒப்பிடலாம். இரண்டாவதாக, சேலத்தில் பணியாற்றிய இலண்டன் மிஷனின் ஆவணங்கள் இலண்டன் சோயஸ் நூலகத்தில் உள்ளன. அவற்றில் உள்ளூர் மக்கள் சித்திரிக்கப்படும் முறையை ஆராயலாம். மூன்றாவதாக, சேலம் பகடாலு நரசிம்மலு நாயுடுவின் 'ஆரிய திவ்விய தேச யாத்திரைச் சரித்திரம்' (1889) என்னும் பயண நூலை ஆங்கிலப் பயண நூல்களோடு வைத்துப் படிக்கலாம். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் தமிழ் மின்னூலகமும் அரிய அச்சு நூல்களைத் தேடத் துணைபுரியும்.

முடிவுரை

பஞ்சத்தின் ஆங்கில ஆவணங்களை மட்டும் படிப்பவர் ஆட்சியாளரின் தயக்கங்களையே அறிவார். தமிழ்ப் பாடல்களை மட்டும் படிப்பவர் அத்துயரை விளைவித்த கொள்கையைத் தவறவிடுவார். 3,67,400 என்னும் குறைவு இன்றும் பெரும்பாலும் ஓர் எண்ணாகவே நிற்கிறது. அதற்குப் பின்னுள்ள வாழ்வை மீட்க ஆவண ஆங்கிலமும் கொங்கு வட்டாரத் தமிழும் ஒருங்கே தேவை. பெரியார் பல்கலைக்கழக எல்லைக்குட்பட்ட கல்லூரிகளின் ஆங்கில, தமிழ், வரலாற்றுத் துறைகள் கூட்டாக நெறியாளும் ஆய்வேடுகள் உருவானால், விக்டோரியா கால ஆய்விற்கு இச்சமவெளியிலிருந்தே புதிய பங்களிப்பு கிடைக்கும்.